சுற்றுச்சுவருக்குச் சென்சார்: வாங்கும் முன்னும் மாட்டும்போதும்

அலாரம் பொருத்தும் வேலையில் எனக்கு 17 ஆண்டுகள் ஆகின்றன. பழுது பார்க்கப் போகும் இடங்களில் நான் அதிகம் காண்பது கெட்டுப்போன சென்சார்களை அல்ல, அணைத்து வைக்கப்பட்ட பேனல்களை, அதாவது சென்சார்களின் வயர்கள் வந்து சேரும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளை. மாட்டிய முதல் வாரம் நாய்க்கும் காற்றுக்கும் அலாரம் அலறியிருக்கும். வீட்டுக்காரர் இரண்டு இரவு டார்ச்சோடு வெளியே வந்து பார்த்திருப்பார். மூன்றாம் இரவு புரண்டு படுத்திருப்பார். நான்காம் நாள் சுவிட்சை அணைத்துவிட்டிருப்பார். அதற்குப் பிறகு சுவரில் இருப்பது வெறும் பிளாஸ்டிக் டப்பா. அடிக்கும் அலாரத்தை வீட்டில் இருப்பவர் நம்ப வேண்டும் என்பதுதான் என் கவலையெல்லாம். கீழே சொல்வது எல்லாமே அந்தக் கவலையிலிருந்து வந்தது.

கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு இடத்தை இரண்டு முறை சுற்றி வாருங்கள். ஒரு முறை உச்சி வெயிலில், ஒரு முறை இருட்டிய பிறகு. மனிதர் இல்லாமலே அங்கே எது அசைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்: தொங்கும் கொடி, துணி உலர்த்தும் கம்பி, பூனை நடக்கும் சுவர் விளிம்பு. எது சூடாகிறது என்றும் பாருங்கள்: தகரக் கதவு, ஏசியின் வெளிப்பெட்டி, ஜெனரேட்டரின் புகைக்குழாய். பிறகு சுவருக்கு வெளியே போய் நின்று, உள்ளே வர நினைப்பவனின் கண்ணால் பாருங்கள். சுவரை ஒட்டிய மரம், உயரம் குறைந்த மூலை, விளக்கு எட்டாத பின்பக்கம் ஆகியவை உடனே கண்ணில் படும். இந்தத் தாள் இல்லாமல் சென்சார் வாங்குவது, கால் அளவு தெரியாமல் செருப்பு வாங்குவது போன்றது.

அதிகம் விற்பது பி.ஐ.ஆர். (செயலற்ற அகச்சிவப்பு) சென்சார். அது எதையும் வெளியே அனுப்புவதில்லை. பொருள்களிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரில் ஏற்படும் மாற்றத்தைக் கவனிக்கிறது, அவ்வளவுதான். மனித உடலிலிருந்து வரும் கதிர் பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் இருக்கும். சென்சாரின் முகப்பில் இருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக், கலங்கரை விளக்கத்துக்காக 1820களில் பிரெஞ்சு இயற்பியலாளர் பிரெனெல் உருவாக்கிய லென்ஸின் வழிவந்தது. அது எதிரே உள்ள வெளியை விசிறிபோலப் பல பட்டைகளாகப் பிரிக்கிறது. ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்கு ஆள் கடக்கும்போது உள்ளே இருக்கும் இரண்டு உணர்பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தூண்டப்படுகின்றன. அப்போதுதான் பேனலுக்குச் செய்தி சொல்லும் சுவிட்சான ரிலே திறக்கும்.

இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது: குறுக்கே நடப்பவரை பி.ஐ.ஆர். நன்றாகப் பிடிக்கும், நேராக அதை நோக்கி வருபவரை மோசமாகப் பிடிக்கும். தொழிலுக்கு வந்த முதல் ஆண்டில் ஒரு வீட்டின் வாசல் நிலைக்கு மேலே, வெளிக்கதவை நேராகப் பார்க்கும்படி சென்சாரை மாட்டினேன். பெட்டியில் 12 மீட்டர் என்று எழுதியிருந்தது. அந்த வீட்டு அம்மா கதவிலிருந்து மெதுவாக நடந்து வந்தபோது 3 மீட்டர் நெருங்கும் வரை அது வாய் திறக்கவில்லை. அதே கருவியைப் பக்கச் சுவருக்கு மாற்றி, நடைபாதைக்குக் குறுக்காகத் திருப்பியதும் கதவைத் தாண்டி இரண்டாவது அடியிலேயே பிடித்தது. கருவியை மாற்றவில்லை, திசையைத்தான் மாற்றினேன்.

இன்னொரு விதி வெப்பத்தைப் பற்றியது. தோலும் உடையும் வெளிப்புறத்தில் ஏறக்குறைய 30 முதல் 35 டிகிரி வரை இருக்கும். பின்னால் இருக்கும் சுவரும் தரையும் அதே சூட்டை எட்டிவிட்டால் ஆளுக்கும் பின்னணிக்கும் வேறுபாடு தெரியாது. பிடிக்கும் தூரம் சுருங்கிவிடும். நல்ல கருவிகளில் இதை ஈடுகட்டும் வசதி உண்டு. கையேட்டில் வெப்ப ஈடு பற்றிய வரி இல்லையென்றால் அந்தக் கருவியை வெளிப்புறத்துக்கு வாங்காதீர்கள். வெயில் வேறு வகையிலும் ஏமாற்றும். ஒரு கிடங்கில் நாள்தோறும் பிற்பகலில் மட்டும் அலாரம் அடித்தது. மூன்று முறை போயும் காரணம் பிடிபடவில்லை. நான்காம் முறை அங்கேயே அமர்ந்து காத்திருந்தேன். மேகம் விலகும்போதெல்லாம் எதிரே இருந்த தகரத் தடுப்பு சட்டென்று சூடேறியது. காற்றில் அது ஆடவும் செய்தது. சூடும் அசைவும் சேர்ந்தால் சென்சாருக்கு அதுவும் ஒரு ஆள்தான். தடுப்பை இறுக்கிக் கட்டி, அந்தப் பட்டையை மட்டும் லென்ஸின் உட்புறம் மறைப்புத் தாள் ஒட்டி மூடினேன். அடித்தது நின்றது.

மைக்ரோவேவ் சென்சார் நேர்மாறானது. 10.525 அல்லது 24 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பி, திரும்பி வரும் அலையின் அதிர்வெண் மாறுகிறதா என்று பார்க்கும். டாப்ளர் 1842இல் விளக்கிய அதே விளைவுதான். நேராக வருபவரை இது நன்றாகப் பிடிக்கும், வெப்பத்தைப் பற்றிக் கவலைப்படாது. ஆனால் கண்ணாடி, மரப்பலகை, மெல்லிய சுவர் ஆகியவற்றைத் தாண்டிப் போகும். தெருவில் போகும் லாரி உங்கள் முற்றத்தில் நுழைந்ததாக அறிவிக்கும். அதனால் தனியாக இதை நான் எங்கும் மாட்டுவதில்லை. இரண்டும் ஒரே பெட்டியில் இருந்து, இரண்டும் ஒப்புக்கொண்டால் மட்டுமே அடிக்கும் இரட்டைத் தொழில்நுட்ப வகையைத்தான் திறந்த முற்றத்துக்குச் சொல்வேன். மாட்டும்போது மைக்ரோவேவின் தூரத்தைச் சுவருக்கு உள்ளே நிற்கும்படி குறைத்துவிடுங்கள். வாங்கி வந்தபடியே முழு அளவில் விட்டுவிட்டுப் போவதுதான் இந்த வகையில் நான் பார்க்கும் பெரும் தவறு.

சுவரின் விளிம்பு நெடுகக் காவல் வேண்டுமென்றால் பீம் சென்சார்தான் சரி. ஒரு முனையில் அனுப்பும் பெட்டி, மறு முனையில் வாங்கும் பெட்டி, நடுவே கண்ணுக்குத் தெரியாத கதிர். இரட்டை அல்லது நான்கு கதிர் உள்ளதை வாங்குங்கள். எல்லாக் கதிர்களும் ஒரே நேரத்தில் மறைந்தால்தான் அடிக்கும் என்பதால் ஒரு பறவையோ இலையோ அதை எழுப்பாது. கதிர் எவ்வளவு நேரம் மறைந்தால் அடிக்க வேண்டும் என்ற அளவைக் கணக்குப் போட்டு வையுங்கள். 30 சென்டிமீட்டர் அகலமுள்ள உடல் நொடிக்கு 6 மீட்டர் வேகத்தில் ஓடினால் கதிர் மறைவது 50 மில்லிநொடி. நொடிக்கு 1.2 மீட்டர் நடையில் 250 மில்லிநொடி. ஓடி வரக்கூடிய திறந்தவெளிக்கு 50 வேண்டும். ஏறித் தாண்ட வேண்டிய சுவர் உச்சிக்கு 200 தாராளம், பறவைத் தொல்லையும் குறையும். பெட்டியில் 60 மீட்டர் என்று இருந்தால் நான் 40க்கு மேல் இழுப்பதில்லை. மூடுபனியும் கனமழையும் அந்த மிச்சத்தைத் தின்றுவிடும். ஒரே வரிசையில் இரண்டு ஜோடி வந்தால் நடுக்கம்பத்தில் ஒரே வகைப் பெட்டிகளை (இரண்டும் அனுப்புபவை, அல்லது இரண்டும் வாங்குபவை) முதுகோடு முதுகாக வையுங்கள். ஒன்றின் கதிர் மற்றதன் கண்ணில் விழக் கூடாது.

இனி மாட்டுவது. சாதாரண பி.ஐ.ஆர்., இரட்டை வகைகளுக்கு 2 முதல் 3 மீட்டர் உயரம். நாய் வளர்க்கும் வீட்டுக்கு மேல் அடுக்கு, கீழ் அடுக்கு என இரண்டு பார்வை உள்ளதை 0.8 முதல் 1.2 மீட்டருக்குள் கையேடு சொல்லும் உயரத்தில் மாட்டுங்கள். மேல் பார்வை தரைக்கு இணையாகப் போக வேண்டும். நாய் கீழ்ப் பார்வையை மட்டும் கடக்கும், ஆள் இரண்டையும் கடப்பான். தரை சரிவாக இருந்தால் கருவியையும் அதே அளவு சாய்க்க வேண்டும். இதை மறந்தால் நாயும் ஆள் கணக்கில் சேர்ந்துவிடும். ஆடும் கம்பத்தில் எதையும் மாட்டாதீர்கள். கம்பம் அசைந்தால், அசைவது உலகம்தான் என்று சென்சார் நினைத்துக்கொள்ளும்.

பெட்டியில் எழுதியிருக்கும் தூசி, தண்ணீர்ப் பாதுகாப்புத் தரத்தில் ஐ.பி. 54 குறைந்த அளவு, ஐ.பி. 65 நிம்மதி. முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. எந்தத் தரமானாலும் வயர் நுழையும் துளையை நீங்கள் அடைக்காமல் விட்டால் பயன் இல்லை. வயரைக் கீழிருந்து நுழையுங்கள், நுழையும் முன் ஒரு வளைவு தொங்கட்டும், மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். மிச்சத் துளையை சிலிக்கானால் மூடுங்கள். தண்ணீரைவிட எறும்புகள்தான் எனக்கு அதிக வேலை வைத்திருக்கின்றன.

வயரின் தடிமனில் கஞ்சத்தனம் வேண்டாம். 0.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 100 மீட்டர் போய்த் திரும்பினால் ஏறக்குறைய 7 ஓம் தடை. அந்த முனையில் உள்ள கருவிகள் சேர்ந்து 300 மில்லி ஆம்பியர் இழுத்தால் 2 வோல்ட் வழியிலேயே போய்விடும், 12 வோல்ட்டில் 10க்கும் கீழே தான் மிஞ்சும். மின்சார வயர் போகும் குழாயில் சென்சார் வயரைச் சேர்க்கக் கூடாது. வயர் சரியாக இருக்கிறதா என்று பேனல் அறிய உதவும் முனை ரெசிஸ்டரைச் சென்சாருக்குள் வையுங்கள். பேனலுக்குள்ளேயே அதை முறுக்கிவிட்டுப் போகும் ஆட்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அப்படி விட்டால், வழியில் யாராவது இரண்டு வயரையும் ஒன்றோடொன்று சேர்த்துவிட்டாலும் பேனலுக்குத் தெரியவே தெரியாது. சென்சாரின் மூடியை யாராவது திறந்தால் அறிவிக்கும் டேம்பர் சுவிட்சையும் தனி இணைப்பாகக் கொடுங்கள். வயர் இல்லாத வகை வாங்கினால், கருவிக்கும் பேனலுக்கும் நடுவே உலோகத் தகடு இல்லாத இடமாகப் பாருங்கள்.

பிறகு நடை சோதனை. பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை. கருவியைச் சோதனை நிலையில் வைத்து, உங்கள் தாளில் குறித்த ஒவ்வொரு நுழைவழியிலும் நடந்து, குனிந்து, ஊர்ந்து, ஓடிப் பாருங்கள். எங்கே வரும்போது சென்சாரின் விளக்கு எரிகிறது என்று சுண்ணாம்புக் கட்டியால் தரையில் குறியுங்கள். உணர்திறனைக் கூட்டுவதற்கு முன் கோணத்தை மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதுவே போதும். எத்தனை தூண்டலுக்குப் பிறகு அடிக்க வேண்டும் என்ற துடிப்பு எண்ணிக்கையை 2இல் தொடங்குங்கள்.

முதல் வாரம் சைரனை இணைக்காதீர்கள். பேனலின் பதிவில் என்ன விழுகிறது என்று மட்டும் காலையில் பாருங்கள். அதிகாலை 4 மணிக்கு மூன்று நாள் தொடர்ந்து அதே சென்சார் பதிவானால் அந்த மணிக்கு எழுந்து, சன்னல் ஓரமாக நின்று பாருங்கள். ஒரு வீட்டில் அது பக்கத்துப் பூனை, இன்னொன்றில் தானாக ஓடும் தண்ணீர்த் தெளிப்பான். ஏழு இரவுகள் பதிவு சுத்தமாக இருந்த பிறகே சைரன் வயரைச் செருகுவேன்.

மாதம் ஒரு முறை ஈரத்துணியால் லென்ஸைத் துடைத்து, சிலந்தி வலையை எடுத்துவிட்டு, ஒரு முறை குறுக்கே நடந்து பாருங்கள். கொடி மறுபடியும் வளர்ந்திருக்கும், அதையும் வெட்டிவிடுங்கள்.