மனச்சோர்வுக்கு ரத்தப் பரிசோதனையா? மேல்மரபியல் ஆய்வுகளைப் படிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரபணுவின் எழுத்து வரிசை மாறாமலேயே, டிஎன்ஏமீது ஒட்டும் மெத்தில் தொகுதி போன்ற வேதிக் குறிகளால் அது வேலை செய்யும் அளவு கூடுவதையும் குறைவதையும் ஆராய்வது மேல்மரபியல். இக்குறிகளை அளந்தே மனச்சோர்வைக் கண்டறிந்துவிடலாம் என்ற நம்பிக்கை, பெரும்பாலும் ஆய்வுகளை அவசரமாகப் படிப்பதால் வருவது.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனி, மோஷே ஷிஃப் குழுவினர் 2004-இல் வெளியிட்ட ஆய்வில், தாய் எலி அதிகம் நக்கி வளர்த்த குட்டிகளின் மூளையில், மன அழுத்த ஹார்மோனை உணரும் ஏற்பியின் மரபணுவில் மெத்தில் குறிகள் குறைவாக இருந்தன. 2009-இல், தற்கொலை செய்துகொண்ட மனிதர்களின் மூளைத் திசுவில் அதே மரபணுவை ஆராய்ந்தபோது, குழந்தைப் பருவத்தில் கொடுமைக்கு ஆளானவர்களிடம் குறிகள் அதிகமாகத் தென்பட்டன. இதை மனச்சோர்வின் அடையாளம் என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் தற்கொலை செய்துகொண்டவர்களிலும் கொடுமைக்கு ஆளாகாதவர்களிடம் அந்த வேறுபாடு இல்லை; ஆய்வு காட்டியது பட்ட துன்பத்தின் தடத்தை, அதுவும் பிரிவுக்கு 12 பேரிடம் மட்டுமே.

ரத்தத்தில் கண்டதை மூளையில் கண்டதாகக் கொள்வது இதைவிடப் பெரிய தவறு. உயிரோடிருப்பவரின் மூளைத் திசுவை ஆய்வுக்காக எடுக்க முடியாது என்பதால் ரத்தமோ உமிழ்நீரோதான் கிடைக்கிறது. மெத்தில் குறிகளோ திசுவுக்குத் திசு வேறுபடுபவை. ரத்தத்திலேயே வெள்ளணு வகைகளின் விகிதம் மாறினால் அளவும் மாறிவிடும், அதற்கு ஒரு காய்ச்சலே போதும். ஏஹெச்ஆர்ஆர் என்ற மரபணுவில் குறிகள் குறைவது புகைப்பழக்கத்தின் உறுதியான அடையாளம். மனச்சோர்வு உள்ளவர்களிடம் புகைப்பழக்கம் கூடுதல் என்பதால், அதைக் கணக்கில் கொள்ளாத ஆய்வு, சிகரெட்டைக் கண்டுபிடித்துவிட்டு நோயைக் கண்டுபிடித்ததாக அறிவிக்கும். மாத்திரைகள், உடல் எடை, வயது ஆகியவையும் இப்படிக் குறுக்கிடும்.

எண்ணிக்கையும் ஏமாற்றும். மெத்தில் குறிகளை அளக்கும் சில்லுகளில் பரவலாகப் பயன்பட்ட ஒன்று, டிஎன்ஏவின் சுமார் 8.5 லட்சம் இடங்களை ஒரே சமயத்தில் அளந்தது. தற்செயலாக வரும் வாய்ப்பு 5 விழுக்காட்டுக்கும் குறைவான முடிவை ஏற்கும் வழக்கமான வரம்பை அப்படியே பயன்படுத்தினால், உண்மையில் எந்தத் தொடர்பும் இல்லாதபோதும் 42,500 இடங்கள் தற்செயலாகத் தேறிவிடும்.

நோயாளிகளை நலமானவர்களோடு மட்டும் ஒப்பிட்டு நிறுத்திக்கொள்வது பழைய தவறு. 1981-இல் பெர்னார்ட் கேரல் குழுவினர் கடும் மனச்சோர்வுக்கு முன்வைத்த டெக்ஸாமெத்தசோன் சோதனை, அந்த மருந்தைக் கொடுத்த பின்னும் மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்தது. பின்னர் மறதி நோய், எடை இழப்பு, மதுவை நிறுத்திய நிலை ஆகியவற்றிலும் அதே விடை வந்ததால், நோயைக் கண்டறியும் சோதனையாக அது நிலைக்கவில்லை. புதிய குறி எதுவானாலும், பதற்றக் கோளாறும் இருமுனைக் கோளாறும் உள்ளவர்களிடம் அது என்ன காட்டியது என்பதை முதலில் தேடிப் பார்க்க வேண்டும். அந்த ஒப்பீடே ஆய்வுக் கட்டுரையில் இல்லையென்றால், தலைப்புச் செய்தியை நம்பக் காரணமில்லை.