ஐரோப்பிய விளிம்புப் படங்களைச் சேகரிப்பது எப்படி?

1950களின் இறுதி முதல் 1980களின் நடுப்பகுதி வரை இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி ஆகிய நாடுகளில் குறைந்த செலவில் எடுக்கப்பட்டு, கொலைக்கதை, பேய்க்கதை, ரத்தக்காட்டேரி, ஒற்றர் சாகசம், துப்பாக்கி வீரர் கதை என்று சாதாரண அரங்குகளில் ஓடி மறைந்த படங்களையே இங்கு விளிம்புப் படங்கள் என்கிறேன். கல்ட் படங்கள், எக்ஸ்ப்ளாய்டேஷன் படங்கள் என்று ரசிகர்கள் குறிப்பிடுவதும் இவற்றைத்தான். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ இருந்துகொண்டு இவற்றைச் சேகரிக்கத் தொடங்குபவர் படத்தின் பெயரைப் பார்த்து வாங்கக் கூடாது. அதன் எந்த வடிவம் கையில் கிடைக்கிறது என்று பார்த்து வாங்க வேண்டும். இரவுக் காட்சியைச் சீக்கிரம் முடிப்பதற்காக ஆபரேட்டர் ஒரு பாட்டையே வெட்டிவிடும் அரங்குகளில் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஐரோப்பாவில் அந்த வேலையைத் தணிக்கையாளர், விநியோகஸ்தர், சில வேளைகளில் தயாரிப்பாளரே கூட, நாட்டுக்கு நாடு வெவ்வேறு விதமாகச் செய்துவைத்தார்கள்.

எல்லாவற்றையும் சேர்க்க முயலாமல் ஒரு சிறு பகுதியைத் தேர்ந்தெடுத்துக்கொள்வது நல்லது. இத்தாலியக் கொலை மர்மப் படங்களை ஜாலோ என்பார்கள். அச்சொல்லுக்கு மஞ்சள் என்று பொருள். மொண்டடோரி பதிப்பகம் 1929 முதல் துப்பறியும் நாவல்களை மஞ்சள் அட்டையில் வெளியிட்டதால் வந்த பெயர் அது. மேற்கு ஜெர்மனியில் ரியால்டோ நிறுவனம் 1959இல் தொடங்கி ஆங்கிலத் துப்பறியும் எழுத்தாளர் எட்கர் வாலஸின் கதைகளை வரிசையாகப் படமாக்கியது. ரத்தம் குறைவாகவும் மூடுபனி மிகுதியாகவும் உள்ள அந்த வரிசை, தொடங்குபவருக்கு ஏற்றது. நான் தொடங்கியது பிரெஞ்சு இயக்குநர் ழான் ரொலானிடம். அவர் படத்துக்குப் படம் திரும்பிச் செல்லும் டியெப் கடற்கரையின் கூழாங்கற்களையும் சாம்பல் நிற அலைகளையும் பார்த்தபோது, மழைக்காலத்தில் குளச்சல் கரையில் நின்ற நினைவு வந்தது. இன்றும் அவருடைய படங்களை நான் மற்றவற்றைவிட ஒரு படி கூடுதலான பிரியத்தோடு பார்க்கிறேன்.

வாங்குவதற்கு முன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். இப்படங்களில் பல வயது வந்தவர்களுக்கு மட்டுமே உரியவை. இத்தாலிய நரமாமிசப் படங்கள் சிலவற்றில் விலங்குகள் உண்மையாகவே கொல்லப்பட்டன. அவற்றை நான் வாங்குவதில்லை. ஆபாசமானவை என்று கருதப்படும் பொருள்களை இந்தியாவுக்குள் இறக்குமதி செய்வதற்குத் தடை இருப்பதால், பாலியல் காட்சிகளுக்காகவே அறியப்பட்ட படங்களை வெளிநாட்டிலிருந்து தருவிப்பதைத் தவிர்க்க வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் அலமாரிக்குப் பூட்டு அவசியம்.

அடுத்தது பெயர். 1971இல் மரியோ பாவா இயக்கிய ஒரே படம் இத்தாலியில் ரெயாட்சியோனே ஆ காத்தேனா என்றும், ஆங்கிலத்தில் எ பே ஆஃப் பிளட் என்றும், ட்விட்ச் ஆஃப் த டெத் நெர்வ் என்றும் வெளிவந்தது. மூன்று பெயர்களைக் கண்டு மூன்று படங்கள் என்று நம்பிப் பணம் கட்டியவர்கள் உண்டு. இயக்குநர்களும் அமெரிக்கர்களைப் போலத் தோன்ற வேண்டும் என்பதற்காகப் புனைபெயர் வைத்துக்கொண்டார்கள்: பாவா ஜான் எம். ஓல்ட் ஆனார், அந்தோனியோ மார்கரிட்டி ஆண்டனி எம். டாசன் ஆனார், ரிக்கார்டோ ஃப்ரெடா ராபர்ட் ஹாம்ப்டன் ஆனார். ஆகவே ஒரு நோட்டில் மூலமொழிப் பெயர், ஆண்டு, இயக்குநரின் உண்மைப் பெயர் ஆகிய மூன்றையும் முதலில் எழுதி, மாற்றுப் பெயர்களை அதன்கீழ் எழுதிவர வேண்டும். அட்டையில் அச்சாகியிருக்கும் பெயரை அந்த நோட்டோடு ஒப்பிடாமல் எதையும் வாங்காதீர்கள்.

ஒரு வடிவத்தை அடையாளம் காண்பதற்கு ஓடும் நேரத்தைவிடச் சிறந்த கருவி இல்லை. ஆனால் அதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். திரைப்படச் சுருள் நொடிக்கு 24 சட்டங்கள் (ஃபிரேம்கள்) ஓடுகிறது. நம் நாட்டிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் வழங்கிய பால் (PAL) என்னும் தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 25 சட்டங்கள். ஆகவே 100 நிமிடப் படம் பால் கேசட்டிலும் பால் டிவிடியிலும் ஒரு காட்சியும் குறையாமலே 96 நிமிடத்தில் முடிந்துவிடும். அமெரிக்காவின் என்டிஎஸ்சி முறையிலும், 24 சட்டங்களாகவே பதியப்பட்ட ப்ளூரேயிலும் இந்த வேறுபாடு வராது. பால் வட்டின் நேரத்தை 25ஆல் பெருக்கி 24ஆல் வகுத்தால் உண்மையான நேரம் கிடைக்கும். அப்படிக் கணக்கிட்ட பிறகும் நிமிடங்கள் குறைந்தால்தான் கத்தரி பட்டிருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும்.

இத்தாலிய இயக்குநர் தாரியோ அர்ஜெண்டோவின் ப்ரொஃபோண்டோ ரோஸ்ஸோ (1975) இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. இத்தாலிய வடிவம் இரண்டு மணி நேரத்தைத் தாண்டும்; வெளிநாடுகளுக்கு அனுப்பிய ஆங்கில வடிவம் அதைவிட ஏறத்தாழ 20 நிமிடம் குறைவு. வெட்டிய பகுதிகளுக்கு ஆங்கிலக் குரல் இல்லை. அதனால் முழு வடிவத்தை ஆங்கிலத்தில் ஓட்டினால், பேசிக்கொண்டிருக்கும் கதாநாயகன் திடீரென இத்தாலிய மொழிக்கு மாறுவான்; கீழே எழுத்து ஓடும்; சில நிமிடங்களில் மீண்டும் ஆங்கிலத்துக்குத் திரும்புவான். முதல்முறை பார்ப்பவர் வட்டில் கோளாறு என்று நினைக்கக்கூடும். முழுப் படம் கையில் இருப்பதற்கு அதுவே அடையாளம்.

நேரத்தால் மட்டும் பிடிக்க முடியாத மாற்றங்களும் உண்டு. பாவாவின் லீசா எ இல் தியாவொலோ 1973இல் கான் நகரில் திரைப்பட விழாவின்போது திரையிடப்பட்டும் வாங்குவோர் கிடைக்கவில்லை. தயாரிப்பாளர் ஆல்ஃப்ரெடோ லியோன், பேயோட்டும் படங்களுக்கு அப்போது இருந்த வரவேற்பைப் பார்த்து, ஒரு பாதிரியாரையும் பேயோட்டும் காட்சிகளையும் புதிதாக எடுத்து ஒட்டி, 1975இல் த ஹவுஸ் ஆஃப் எக்ஸார்சிசம் என்று வெளியிட்டார். கனவைப் போல் நகரும் ஒரு படம் அதில் துண்டுதுண்டாகிக் கிடக்கிறது. ஆனாலும் இரண்டையும் சேர்த்து வைத்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஒரு படத்துக்குச் சந்தை என்ன செய்தது என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் வேறு சோடி எளிதில் கிடைக்காது.

தணிக்கை வரலாற்றையும் ஓரளவு தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனில் 1984ஆம் ஆண்டின் வீடியோ பதிவுச் சட்டத்தை ஒட்டிய ஆண்டுகளில் 72 படங்கள் கொண்ட ஒரு பட்டியல் வழக்குக்கு உரியதாக உலவியது. அதில் இத்தாலியப் படங்கள் பல. எனவே அச்சட்டத்துக்குப் பின் வந்த பிரிட்டிஷ் கேசட்டுகளில் வெட்டு அதிகம். அதே காலத்து டச்சு, கிரேக்கக் கேசட்டுகளில் பல படங்கள் வெட்டின்றி வந்தன. திரையின் அடியில் அவர்கள் மொழி எழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பிறகு திரையின் அகலம். அகலத்திரைக்காக எடுத்த படத்தைப் பழைய கேசட்டுகளில் தொலைக்காட்சிப் பெட்டியின் அளவுக்கு இரு பக்கமும் நறுக்கிவிட்டார்கள். மேசையின் இரு முனைகளில் இருவர் அமர்ந்து பேசும் காட்சியில் நடுவில் உள்ள பூச்சாடி மட்டும் தெரியும். இருபுறமும் மூக்கு நுனி வந்து வந்து போகும். மொழியைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. அன்றைய இத்தாலியப் படங்கள் பெரும்பாலும் நம் படங்களைப் போலவே பின்னர் டப்பிங் அரங்கில் குரல் சேர்க்கப்பட்டவை. நடிகர்கள் பலர் படப்பிடிப்பில் ஆங்கிலத்திலேயே பேசியதால், ஆங்கிலக் குரல் உதட்டோடு கூடுதலாகப் பொருந்தும் படங்களும் உள்ளன.

இனி கருவி. எந்த நாட்டுக் கருவியில் எந்த வட்டு ஓடலாம் என்று உலகைப் பிரித்துவைத்த பகுதிகளே மண்டலங்கள். இந்தியாவுக்கு உரிய டிவிடி மண்டலம் 5, ப்ளூரே மண்டலம் சி. நாம் தேடும் வட்டுகள் பெரும்பாலும் அமெரிக்காவின் ஏ மண்டலத்துக்கும் ஐரோப்பாவின் பி மண்டலத்துக்கும் உரியவை. கடையில் வாங்கிய சாதாரண ப்ளூரே கருவி அவற்றை ஏற்காது. எல்லா மண்டலமும் ஓடும்படி மாற்றிய கருவியை வாங்கலாம், அல்லது மண்டலப் பூட்டு இல்லாத வட்டுகளை மட்டும் தேர்ந்தெடுக்கலாம். 4கே வட்டுகளுக்கு மண்டலப் பூட்டே கிடையாது. கணினியின் டிவிடி டிரைவில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும் என்பதால் விளையாட்டாக மாற்றிப் பார்க்கக் கூடாது. அமெரிக்காவிலிருந்து கருவி கொண்டுவரச் சொன்னால், அது 230 வோல்ட்டில் இயங்குமா என்று முதலில் கேளுங்கள்.

வெளியீட்டாளர்களில் அமெரிக்காவின் செவரின், ப்ளூ அண்டர்கிரவுண்ட், வினிகர் சிண்ட்ரோம், பிரிட்டனின் ஆரோ வீடியோ, 88 ஃபிலிம்ஸ், இவற்றோடு மோண்டோ மகாப்ரோ ஆகியவை இந்தத் துறையில் நம்பத்தக்க பெயர்கள். ஜெர்மன், ஆஸ்திரிய வெளியீடுகள் உறையமைப்பில் அழகானவை. ஆனால் திரையின் அடியில் ஆங்கில எழுத்து இருக்கிறதா என்று பாராமல் வாங்கினால் ஏமாற்றமே மிஞ்சும். உறையோடும் சிறு நூலோடும் வரும் வரையறுக்கப்பட்ட பதிப்பு தீர்ந்த பிறகு, அதே வட்டு சாதாரண உறையில் குறைந்த விலைக்கு வருவது வழக்கம். படத்துக்காகச் சேகரிப்பவர் அதுவரை பொறுத்திருக்கலாம். அஞ்சல் செலவும் சுங்க வரியும் சில வேளைகளில் வட்டின் விலையை எட்டிவிடும் என்பதால், விலையை ஒப்பிடும்போது இவ்விரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

போலிகளைக் கண்டறிய வட்டின் அடிப்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். ஆலையில் அச்சிட்ட டிவிடி வெள்ளிபோலவோ இளம்பொன் நிறத்திலோ இருக்கும். வீட்டில் எரித்தது ஊதா கலந்திருக்கும். நடுத்துளையைச் சுற்றியுள்ள வளையத்தில் ஐஎஃப்பிஐ என்ற எழுத்துகளோடு நுண்ணிய குறியீடு இருந்து, அடிப்புறமும் ஊதாவாக இல்லாவிட்டால் ஆலை வட்டு என்று பெரும்பாலும் நம்பலாம். இதைக் கற்றுக்கொள்ளும் முன் ஒரு விற்பனையாளரிடம் நல்ல விலை கொடுத்து ஊதா வட்டு ஒன்றை வாங்கினேன்; இரண்டே கோடைகளில் அது நடுவில் நின்றுவிட்டது.

நம் மாவட்டத்துக்கு ஒரு தனி வாய்ப்பு உண்டு. வளைகுடாவிலிருந்து வீடியோ டெக்கும் கேசட்டுமாகத் திரும்பியவர்கள் இங்கு ஏராளம். வீட்டைக் காலி செய்யும்போது அவை பழைய பொருள் வாங்கும் ஆக்கர் கடைக்குப் போகின்றன. மலையாளப் படக் கேசட்டுகளின் நடுவே லேபிள் கிழிந்த ஒரு இத்தாலியப் படம் எனக்கு அப்படித்தான் கிடைத்தது. கண்ணாடிச் சாளரத்தின் வழியே நாடாவின் விளிம்பைப் பார்த்தபோது, சுண்ணாம்பு தூவியது போல் வெண்மை படர்ந்திருந்தது. அது பூஞ்சை. அத்தகைய கேசட்டை ஒருபோதும் டெக்கில் போடக் கூடாது. வித்துகள் டெக்கின் தலையில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். மூக்கை மூடிக்கொண்டு, வெளித்திண்ணையில் வைத்து, அடியில் உள்ள ஐந்து திருகாணிகளைக் கழற்றி, நாடாச் சுருள்களை நன்கு உலரவிட்டு, விளிம்பை மென்துணியால் துடைத்து, வேறொரு சுத்தமான கூட்டுக்குள் மாற்ற வேண்டும். பிறகு பழைய டெக் ஒன்றில் மட்டும் ஓட்டிப் பார்த்து, கணினியில் நகல் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு பருவமழையும் பெய்யும் ஊர் இது. கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். வெளிச்சுவரை ஒட்டி அலமாரி வைக்காதீர்கள். கேசட்டுகளை நாடா முழுவதும் ஒரே பக்கம் சுற்றப்பட்ட நிலையில், நூல்களைப் போல நிறுத்தி வையுங்கள். மூடி இறுகும் பெட்டிகளில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, அதன் நீல மணிகள் இளஞ்சிவப்பாக மாறியதும் புதியவற்றை வையுங்கள். நான் ஆனியில் சாரல் தொடங்கும் முன்பு ஒருமுறையும், ஐப்பசி மழைக்கு முன் புரட்டாசியில் ஒருமுறையும் எல்லாப் பெட்டிகளையும் திறந்து, ஒவ்வொரு கேசட்டின் சாளரத்தையும் விளக்கொளியில் பிடித்துப் பார்த்து, நோட்டில் அதன் பெயருக்கு எதிரே தேதியைக் குறித்துவைக்கிறேன்.