பழைய போர்ட், மதீரா ஒயினை ருசிபார்ப்பது எப்படி: கானாடுகாத்தானிலிருந்து

போர்ட்டும் மதீராவும் போர்ச்சுகல் நாட்டு ஒயின்கள், திராட்சைச் சாராயம் சேர்த்து வலுவேற்றியவை. ருசிபார்க்க உட்காரும் முன் முதலில் ஃபேனை நிறுத்துங்கள். சாம்பிராணி, மல்லிகைச் சரம், அடுப்பங்கரையில் சோம்பு தாளிக்கும் வாசம் எல்லாம் அடங்கட்டும். கோழி வறுவல் சாப்பிட்ட வாயோடு உட்காரவே வேண்டாம். காரம் ஏறிய நாக்குக்கு 20 சதவீத ஆல்கஹால் வெறும் எரிச்சல்தான். எனக்குத் தோது காலை 11 மணி. 40 மில்லி போதும், அதையும் துப்பிவிடலாம். பக்கத்து வீட்டு ஆச்சி இதை நம்ப மாட்டார், அது வேறு கதை.

சிங்கப்பூர் ஓட்டலில் நான் ஒயின் பரிமாறிய காலத்தில் "அறை வெப்பம்" என்பார்கள். அது சீமைக் குளிரில் இருக்கும் அறை, நம் சித்திரை மாதத்து முகப்பு அல்ல. டானி போர்ட்டை (மரப்பீப்பாயில் பல ஆண்டு முதிர்ந்த வகை) ஃப்ரிட்ஜில் வைத்து 14 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். சூடாக ஊற்றினால் சாராய நெடிதான் முதலில் மூக்கில் ஏறும்.

நிறத்தை ஆத்தங்குடிக் கல்லுக்கு நேரே பார்க்காதீர்கள், பூ வேலைப்பாடு கண்ணை ஏமாற்றும். முட்டைச் சுண்ணாம்பு பூசிய வெள்ளைச் சுவர்தான் சரி. கிளாஸைச் சாய்த்து விளிம்பைக் கவனியுங்கள். மரப்பீப்பாயில் கிடந்த டானி பழுப்பேறித்தான் இருக்கும். வின்டேஜ் போர்ட் ஒரே ஆண்டுத் திராட்சையில் செய்தது, அறுவடையாகி இரண்டு மூன்று ஆண்டுக்குள் பாட்டிலுக்குப் போய்விடுவது. அது இளவயதிலேயே பழுப்பாக இருந்தால் வெயில் பட்ட பாட்டில் என்று சந்தேகப்படுங்கள்.

இனிப்பை வைத்து மார்க் போடாதீர்கள். புளிக்கும்போதே 77 சதவீத ஆல்கஹால் உள்ள திராட்சைச் சாராயத்தை ஊற்றி நொதிப்பை நிறுத்துவதால், போர்ட்டில் லிட்டருக்குச் சுமார் 100 கிராம் சர்க்கரை தங்கிவிடுகிறது. மட்டமான போர்ட்டும் இனிக்கத்தான் செய்யும். நீங்கள் தேட வேண்டியது புளிப்பை. நல்ல மதீராவில் நார்த்தங்காய்த் தோல் கடித்த மாதிரி நாக்கோரம் சுரீர் என்று இழுக்கும்; கருப்பட்டி, உலர் அத்தி, வறுத்த முந்திரி வாசமெல்லாம் அதற்குப் பின்னால் வரிசையாக வரும். புளிப்பு இல்லையென்றால் பாகுதான். விழுங்கியதும் கடிகாரத்தைப் பாருங்கள். ருசி ஒரு நிமிஷம் நின்றால் என் கணக்கில் தேறிவிட்டது. ஈரச் சாக்கு நாற்றம் வந்தால் கார்க் கெட்டுவிட்டது, தயங்காமல் கொட்டுங்கள்.

டானி லேபிளில் "20 ஆண்டு" என்றிருந்தால் ஒவ்வொரு துளிக்கும் அத்தனை வயது என்று அர்த்தமில்லை. பல வயதுச் சரக்கைக் கலந்து அந்தப் பக்குவத்துக்குக் கொண்டுவந்தது. டானியிலேயே ஒரே ஆண்டு அறுவடை வேண்டுமானால் கொல்யெய்ட்டா என்ற வகையைக் கேளுங்கள்; குறைந்தது 7 ஆண்டு மரத்தில் இருந்திருக்கும். பாட்டிலில் அடைத்த தேதியையும் பாருங்கள், டானி அதற்குப் பிறகு பெரிதாகத் தேறுவதில்லை.

சிங்கப்பூரிலிருந்து வரும் அண்ணனிடம் ஒன்று வாங்கிவரச் சொல்வதானால் மதீராவே சொல்லுங்கள். சூட்டில் வைத்தே பக்குவப்படுத்தியது, நம் ஊர் வெயிலுக்கு அசராது. திறந்த பிறகும் மாதக்கணக்கில் நிற்கும். டானி ஃப்ரிட்ஜில் சில வாரம் தாங்கும். பழைய வின்டேஜைத் திறந்தால் அன்றோ மறுநாளோ முடித்துவிட வேண்டும். ஆள் சேராத நாளில் அதைத் தொடாதீர்கள்.