அடல்ட் நைட்டுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

சிக்காகோவின் தெற்குப் பகுதியில், 87ஆம் தெருவில், ‘தி ரிங்க்’ என்றொரு ரோலர் ஸ்கேட்டிங் கூடம் இருக்கிறது. என்னோடு நைட் ஷிப்ட் பார்க்கும் கறுப்பின செவிலியர் ஒருவர்தான் என்னை முதலில் அங்கே கூட்டிப்போனார். வயதில் மூத்தவர், அதனால் அக்கா என்றே கூப்பிடுவேன். அவருடைய அப்பாவும் அம்மாவும் பழகியதே இப்படியொரு ரிங்கில், அதாவது ஸ்கேட்டிங் கூடத்தில்தானாம். “ஸ்கேட்டிங் தெரியாமல் அங்கே போகலாமா?” என்று என்னிடம் கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தாராளமாகப் போகலாம். ஆனால் ஒருவர் வீட்டு விசேஷத்துக்குப் போகிற மனதோடு போக வேண்டும்.

முதலில் எந்த இரவு என்று பாருங்கள். ‘அடல்ட் நைட்’, ‘சோல் நைட்’ என்று போட்டிருக்கும். வயது வந்தவர்கள் கூடி, சோல் போன்ற கறுப்பினத்தவரின் இசைக்கு ஸ்கேட் ஆடும் இரவுகள் அவை. கறுப்பினத்தவருக்கு வாரத்தில் ஒரே ஓர் இரவு மட்டும் ஒதுக்கிய காலத்தின் மிச்சம் இந்தப் பெயர்கள். சட்டப்படி பாகுபாடு போன பிறகும் பல ஊர்களில் அந்த வழக்கம் பெயரை மாற்றிக்கொண்டு தொடர்ந்தது. இதே சிக்காகோவில், 1942-ல் இனச் சமத்துவத்துக்காகப் போராடிய கோர் (CORE) அமைப்பினர் வெள்ளையரும் கறுப்பினத்தவருமாகச் சேர்ந்து ஒயிட் சிட்டி ரிங்குக்குப் போனார்கள். இது தனியார் கிளப் என்று சாக்குச் சொல்லிக் கறுப்பினத்தவரை உள்ளே விடவில்லை. வாசலில் மறியல் செய்து, 1946-ல்தான் அந்தக் கதவு திறந்தது. அக்கா மாதிரியானவர்கள் ஒதுக்கப்பட்ட அந்த ஓர் இரவையே தங்கள் திருவிழாவாக ஆக்கிக்கொண்டார்கள். இது தெரிந்து உள்ளே போனால் பார்க்கிற பார்வையே வேறாக இருக்கும்.

ஷூவை வாங்காதீர்கள், வாடகைக்கு எடுங்கள். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு சக்கரம் உள்ளதைக் கேளுங்கள். ஒரே வரிசையில் சக்கரம் வைத்தது இந்த ஆட்டத்துக்கு ஒத்துவராது. கணுக்காலில் கயிற்றை இறுக்கிக் கட்டி, விரல் பக்கம் கொஞ்சம் தளர்த்தி விடுங்கள். பழகியவர்கள் சின்னதாக, கெட்டியான சக்கரம் போட்டிருப்பார்கள். அதில்தான் கால் வழுக்கி ஆடும். சில ஊர்களில் அந்தச் சின்னச் சக்கரத்துக்கே தடை போட்டு இவர்களை வெளியே நிறுத்தினார்கள். அப்படி ஓர் அறிவிப்பு தொங்கும் ரிங்குக்குக் காசு கொடுக்காதீர்கள்.

அப்புறம், உடனே தளத்தில் இறங்க வேண்டாம். அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். முதல் இரவில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார், எழுபது வயது இருக்கும். மடிப்புக் கலையாத பேன்ட். சின்னச் சூட்கேஸைத் திறந்து, துண்டில் சுற்றிய ஷூவை எடுத்து, எட்டுச் சக்கரத்தையும் ஒவ்வொன்றாக விரலால் சுழற்றி, காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டார். ஒரு சக்கரத்தை மட்டும் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டினார். பிறகு தளத்தில் இறங்கினார். இடுப்புக்கு மேலே அசைவே இல்லை. கீழே இரண்டு கால்களும் ஒன்றையொன்று பின்னிப் பின்னி விலகின. அதுதான் சிக்காகோவின் ஜேபி ஸ்டைல். பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் பெயரால் வந்தது, அவருடைய பாடல்களுக்கே ஆடுவது. பால்டிமோரில் வேறு மாதிரி ஆடுவார்கள், டெட்ராய்ட்டில் வேறு. காலைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடுவார் அக்கா.

இறங்கும்போது எல்லோரும் போகிற திசையில் போங்கள். பெரும்பாலும் இடஞ்சுழியாக இருக்கும். மெதுவாகப் போகிறவர்களின் இடம் எது என்று விசில் வைத்திருக்கும் கண்காணிப்பாளரைக் கேளுங்கள். முழங்காலை மடக்கி, எடையை முன்பாதத்தில் வையுங்கள். “முட்டி மடங்கட்டும்மா, பார்வை முன்னால இருக்கட்டும்” என்று அக்கா ஒவ்வொரு சுற்றிலும் சொல்லிக்கொண்டே வந்தார். விழப்போகிறீர்கள் என்றால் பக்கவாட்டில் சரியுங்கள். விழுந்ததும் விரல்களை மடக்கி முஷ்டியாக்கிக்கொள்ளுங்கள், பின்னால் வருபவரின் சக்கரம் ஏறாமல் இருக்கும். எழும்போது ஒரு முழங்காலை ஊன்றி, மற்ற பாதத்தை வைத்து, அந்தத் தொடையில் கையழுத்தி எழுங்கள். நான் விழுந்தபோதெல்லாம் யாராவது என்னைச் சுற்றி அரணாக நின்று மற்றவர்களை விலக்கி விட்டார்கள். நீங்களும் அடுத்தவருக்கு அதைச் செய்யுங்கள்.

கேட்காமல் வீடியோ எடுக்காதீர்கள். ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்து ரயில் மாதிரி போவார்கள். நீங்களாகப் போய் ஒட்டிக்கொள்ள வேண்டாம், கூப்பிடுவார்கள். கூப்பிட நான்கு வாரம் ஆகலாம், ஆகட்டும். அதனால்தான் வாராவாரம் அதே இரவில் போகச் சொல்கிறேன். முகம் பழக வேண்டும், பெயர் தெரிய வேண்டும், யாருக்குப் பிறந்தநாள் என்று டிஜே அறிவிக்கும்போது நீங்களும் சேர்ந்து கத்த வேண்டும்.

ஒரு நாள் கால் கடுத்துப்போய் உட்கார்ந்தபோது அக்கா லெட்ஜர் ஸ்மித் கதையைச் சொன்னார். 1963 ஆகஸ்டில், மார்ட்டின் லூதர் கிங் பேசிய வாஷிங்டன் பேரணிக்கு, சிக்காகோவிலிருந்து ஸ்கேட்டிலேயே போனவர். ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர், பத்து நாள். மார்பின் குறுக்கே ‘ஃப்ரீடம்’ என்று எழுதிய பட்டை. சொல்லி முடித்ததும் அக்கா என் ஷூ கயிற்றைக் குனிந்து இறுக்கிக் கட்டிவிட்டு, “கடைசிப் பாட்டு, வாம்மா” என்று கையை நீட்டினார். அன்றைக்குத்தான் முதல்முறையாக ரயிலில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு முன்னால் அந்தப் பெரியவர், பின்னால் அக்கா.