உப்புக் குவிமாடமும் எண்ணெய் வயலும்: படத்திலேயே தொடங்கிவிடும் தவறுகள்

தருமபுரியில் போட்டித் தேர்வுக்கு நிலவியல் படிக்க வரும் மாணவர்களிடம் உப்புக் குவிமாடத்தின், அதாவது நிலத்தடியில் மேலடுக்குகளைத் துளைத்து எழுந்த உப்புத் திரளின், குறுக்குவெட்டை வரையச் சொன்னால், பெரும்பாலோர் காளான் போன்ற ஓர் உருவத்தை அழகாகவே வரைந்துவிட்டு, அதன் வயிற்றுக்குள் கறுப்பு மையைத் தீட்டி ‘எண்ணெய்’ என்று எழுதிவிடுகிறார்கள். வடிவம் சரி, இடம்தான் தவறு. உப்புப் படிகங்கள் ஒன்றோடொன்று இடைவெளியின்றிப் பிணைந்து கிடப்பதால், எண்ணெய் தங்குவதற்கான துளைகள் உப்புப் பாறைக்குள் ஏறத்தாழ இல்லை என்றே சொல்லலாம். இந்தப் பாடத்தில் நேரும் மற்றப் பிழைகளில் பாதி அந்தக் கறுப்பு மையிலிருந்தே பிறக்கின்றன.

எண்ணெயின் பிறப்பிடம் வேறு. கடலடியிலோ ஏரியடியிலோ உயிரினங்களின் மக்கிய எச்சம் மிகுந்த சேறு படிந்து, அதன்மேல் மேலும் மேலும் படிவுகள் ஏறி, ஏறத்தாழ 60 முதல் 120 டிகிரி செல்சியஸ் வரை வெப்பம் கிடைக்கும் ஆழத்துக்கு அது புதையும்போதுதான் அந்த எச்சம் எண்ணெயாக மாறத் தொடங்குகிறது. அப்படி மாறிய எண்ணெய், தான் பிறந்த பாறையான மூலப்பாறையிலிருந்து கசிந்து, மணற்பாறையின் துளைகள் வழியே மேல்நோக்கி நகர்ந்து, நகர வழியில்லாத இடத்தில் தேங்குகிறது. உப்பின் பங்கு அந்த ‘வழியில்லாத இடத்தை’ உண்டாக்குவதோடு முடிந்துவிடுகிறது. பாரூர் ஏரியின் கரை தண்ணீரைத் தருவதில்லை. தென்பெண்ணையிலிருந்து வந்து சேர்வதைத் தடுத்து நிறுத்துகிறது, அவ்வளவே. எண்ணெய் நீரைவிட இலேசானது என்பதால் அந்த ஏரியை மட்டும் தலைகீழாக நினைத்துக்கொள்ள வேண்டும்: நிலத்தடி நீரில் மிதந்து மேலே ஏறிவரும் எண்ணெய், உப்பின் செங்குத்தான சுவரில் முட்டி நிற்கும், அல்லது உப்பு முட்டித் தள்ளியதால் கூரைபோல் வளைந்த அடுக்குகளின் உச்சியில் சேரும். மெக்சிகோ வளைகுடாக் கரையில் குவிமாடங்களாக எழுந்து நிற்கும் லுவான் உப்பு 16 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. அதன் தோளில் சாய்ந்து எண்ணெய் தேக்கிவைத்திருக்கும் மணற்பாறைகள் பலவும் அதைவிட மிக இளையவை. உப்புக்கும் எண்ணெய்க்கும் உள்ள உறவு அக்கம்பக்க உறவே தவிர, தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள உறவன்று.

அடுத்த பிழை ‘குவிமாடம்’ என்ற சொல்லிலிருந்து வருகிறது. கிருஷ்ணகிரிக் கோட்டை மலையையும் இராயக்கோட்டைக் குன்றையும் பார்த்து வளர்ந்த நமக்கு, குவிமாடம் என்றதும் வழுவழுப்பான மொட்டைப் பாறையே கண்முன் வருவதில் வியப்பில்லை. ஆனால் அந்தக் குன்றுகள் நைஸ், கிரானைட் வகைப் பாறைகள். ஏறக்குறைய 250 கோடி ஆண்டு வயதுடையவை. சுற்றியிருந்தது தேய்ந்துபோக, வெங்காயச் சருகுபோல் மேற்பரப்பு உரிந்து உரிந்து இந்த உருண்டை வடிவத்தைப் பெற்றவை. அதாவது அவை மிஞ்சி நிற்பவை. உப்புக் குவிமாடமோ அடியிலிருந்து தன்மேல் கிடந்த படிவுகளைத் துளைத்துக்கொண்டு எழுந்தது. அது பெரும்பாலும் கண்ணில் படுவதுமில்லை. டெக்சஸ் மாநிலத்துப் போமான்ட் நகருக்கு அருகிலுள்ள ஸ்பிண்டில்டாப் மேடு, உலக எண்ணெய் வரலாற்றையே திருப்பிய குவிமாடத்தின் தலைமேல் இருந்தும், சமவெளியைவிடச் சில மீட்டர் உயரம்தான். நம் ஊர்க்காரர் அதை மேடு என்று சொல்வதற்கே யோசிப்பார். ஈரானின் ஜாக்ரோஸ் மலைத்தொடரில் மட்டும் காட்சி வேறு. அங்கே உப்பு நிலத்தைப் பிளந்து வெளிவந்து, பனியாறுபோல் சரிவில் மெல்ல வழிகிறது.

‘உப்பு ஏன் மேலே வருகிறது’ என்ற கேள்விக்கு ‘சூட்டில் உருகி எரிமலைக் குழம்புபோல் பொங்கி வருகிறது’ என்று எழுதுபவர்கள் உண்டு. உப்பின் உருகுநிலை 801 டிகிரி. குவிமாடங்கள் எழும் ஆழங்களில் அந்த வெப்பத்துக்கு அருகில்கூட எதுவும் வருவதில்லை. உப்பு திடப்பொருளாகவே இருந்துகொண்டு, இலட்சக்கணக்கான ஆண்டுகளில் நகர்கிறது. உப்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.2 கிராம், எவ்வளவு ஆழம் புதைந்தாலும் ஏறத்தாழ அப்படியே இருக்கும். புதிதாகப் படிந்த சேறும் மணலும் முதலில் அதைவிட இலேசானவை. மேலே சுமை ஏற ஏற நீரைப் பிழிந்து விட்டு இறுகி, ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஆழத்துக்குப் பின் உப்பைவிடக் கனமாகிவிடுகின்றன. கனமானது மேலும் இலேசானது கீழுமாக நிலை தலைகீழாகிறது. பாடநூல்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் நிறுத்திவிடுவதால், மிதப்பு ஒன்றே காரணம் என்று மாணவர்கள் முடிவு செய்துவிடுகிறார்கள். உண்மையில் சுமை சமமாக இல்லாமைதான் பல இடங்களில் முதல் தூண்டுதல். ஆறு வந்து சேரும் பக்கத்தில் வண்டல் தடிமனாகவும் மறுபக்கத்தில் மெல்லியதாகவும் படியும்போது, அழுத்தம் மிகுந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு உப்பு பிதுங்குகிறது. சூடான கேழ்வரகுக் களி உருண்டையை உள்ளங்கையால் ஒரு பக்கம் அழுத்திப் பாருங்கள். அது விரலிடுக்கில்தான் எழும். நிலம் இழுபட்டு மேலடுக்கில் பிளவு விழுந்திருந்தால் அந்தப் பிளவே விரலிடுக்கு. சில குவிமாடங்கள் எழுந்தன என்பதைவிட, சுற்றிலும் படிவுகள் அமிழ அமிழ அவை மேற்பரப்புக்கு அருகிலேயே தங்கிவிட்டன என்பதுதான் பொருத்தம்.

மிகவும் கவனிக்க வேண்டிய குழப்பம் ‘மூடுபாறை’ என்ற சொல்லில் இருக்கிறது. இதில் ஆசிரியர்களே இடறுவதைக் கண்டிருக்கிறேன், நானும் முதல் இரண்டு ஆண்டுகள் தவறாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். எண்ணெய் நிலவியலில் மூடுபாறை என்றால் எண்ணெயை மேலே போகவிடாமல் அடைத்து நிற்கும் களிப்பாறை போன்ற இறுகிய அடுக்கு. உப்புக் குவிமாடத்தைப் பற்றிப் பேசும்போது அதே சொல் வேறொன்றைக் குறிக்கிறது: குவிமாடத்தின் உச்சியில் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அன்ஹைட்ரைட் (நீரற்ற கால்சியம் சல்பேட்), ஜிப்சம், சுண்ணாம்புக்கல் அடுக்குகளை. உப்பு மேலே வந்து நிலத்தடி நீரைத் தொட்டதும் கரையத் தொடங்குகிறது. அதில் சில விழுக்காடு மட்டுமே கலந்திருந்த அன்ஹைட்ரைட் எளிதில் கரையாமல் மிஞ்சி, மேலே சேர்ந்துகொண்டே போகிறது. கல்லுப்பைக் கரைத்து வடிகட்டினால் துணியில் தங்கும் கசடை இதற்கு ஒப்பிடலாம். பிறகு பாக்டீரியாக்கள் அங்கே கசிந்துவரும் எண்ணெயையும் வாயுவையும் உண்டு, அன்ஹைட்ரைட்டின் ஒரு பகுதியைச் சுண்ணாம்புக்கல்லாக மாற்றுகின்றன. கந்தகமும் அங்கே சேருவது இதனால்தான். ஹெர்மன் ஃபிராஷ் என்பவர் 1894-இல் லூசியானாவில் அழுத்தத்தில் கொதிநிலைக்கும் மேல் சூடேற்றிய நீரைக் குழாய்வழி இறக்கிக் கந்தகத்தை உருக்கி மேலே எடுத்துக்காட்டியது இப்படிப்பட்ட தொப்பியிலிருந்துதான்.

இந்தத் தொப்பி எண்ணெயை அடைக்கும் மூடியாகவே இருந்தாக வேண்டும் என்பதில்லை; பொந்தும் பொள்ளலுமாக இருந்தால் அதுவே எண்ணெய் தேங்கும் பாத்திரமாகிவிடும். 1901 ஜனவரி 10 அன்று ஸ்பிண்டில்டாப்பில் அந்தோணி லூக்காஸ் தோண்டிய கிணறு பீறிட்டது இந்தத் தொப்பியிலிருந்தே. அவர் உப்புச் சுரங்கங்களில் வேலை பார்த்த பொறியாளர்; லூசியானாவின் உப்பு மேடுகளைத் துருவிப் பார்த்த அனுபவத்தோடு டெக்சஸுக்கு வந்தவர். எண்ணெய் கிடைத்த ஆழம் சுமார் 1,100 அடி. காரிமங்கலத்தில் தென்னந்தோப்புக்குப் போர் போடுபவர்கள் இன்று சலிக்காமல் இறங்கும் ஆழம் அது. ஒன்பது நாள் அடக்க முடியாமல் பீறிட்ட அந்தக் கிணற்றின் அளவு ஒரு நாளைக்கு 1,00,000 பீப்பாய் வரை மதிப்பிடப்பட்டது. தேர்வில் ‘ஸ்பிண்டில்டாப்பின் மூடுபாறை எண்ணெயை அடைத்தது’ என்று எழுதினால், சொல் சரியாக இருந்தும் பொருள் நேர்மாறாகிவிடும்.

அதே ஸ்பிண்டில்டாப் இன்னொரு பிழையையும் திருத்துகிறது. உச்சியிலிருந்த எண்ணெய் சில ஆண்டுகளில் குறைந்ததும், வயல் தீர்ந்துவிட்டது என்றே பலர் நினைத்தார்கள். 1925-இல் குவிமாடத்தின் பக்கவாட்டில் ஆழமாகத் தோண்டியபோது இரண்டாவது செழிப்பு வந்தது. உச்சி வேறு, விலா வேறு. விலாவிலும் ஒரு பக்கத்தில் எண்ணெய் கிடைத்தால் மறுபக்கத்திலும் கிடைத்துவிடும் என்று கணக்குப் போட முடியாது, ஏனெனில் உப்பு முட்டும்போது மேலடுக்குகள் ஆரக்கால்போல் உடைந்து, ஒவ்வொரு துண்டும் தனித்தனி அறையாகிவிடுகிறது. இருபுறமும் ஒரே அளவில் எண்ணெய் தீட்டிய படம் பார்க்க அழகு, அவ்வளவுதான்.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது: உப்பு கம்பளிபோல் பூமியின் சூட்டைக் கீழேயே பிடித்துவைக்கும் என்பது. நடப்பது இதற்கு எதிரானது. உப்பு, சுற்றியுள்ள களிப்பாறையைவிட இரண்டு மூன்று மடங்கு எளிதாக வெப்பத்தைக் கடத்தும். புகைபோக்கியைப் போல் சூட்டை மேலே அனுப்பிவிடும். எனவே உப்புக்கு அடியிலுள்ள பாறை எதிர்பார்ப்பதைவிடக் குளிர்ந்தும், உச்சியை ஒட்டியுள்ள பாறை சூடாகவும் இருக்கும். மூலப்பாறை எப்போது ‘வெந்தது’ என்று கணக்கிடுபவர் இதை மறந்தால் காலக்கணக்கு முழுவதும் பிசகும். காலக்கணக்கு பிசகினால் எல்லாம் பிசகியது போலத்தான், ஏனெனில் எண்ணெய் நகர்ந்து போன பிறகு எழுந்த குவிமாடம், மழை ஓய்ந்த பின் கட்டிய ஏரிக்கரை.

நில அதிர்வு அலைகளால் எடுக்கப்படும் படத்தை அப்படியே நம்புவதும் ஆபத்து. உப்புக்குள் ஒலி நொடிக்குச் சுமார் 4,500 மீட்டர் வேகத்தில் பாய்கிறது; ஆழம் குறைந்த படிவுகளில் அதன் பாதி வேகமே பல இடங்களில் கிடைக்கும். அதனால் உப்புக்கு அடியில் தட்டையாகக் கிடக்கும் அடுக்குகூட, எதிரொலி சீக்கிரம் திரும்பிவருவதால், மேலெழும்பி வளைந்ததுபோல் தெரியும். இல்லாத வளைவை எண்ணெய் சிக்கித் தேங்கும் இடம் (பொறி) என்று நினைத்துக் கிணறு தோண்டியவர்கள் உண்டு.

தோண்டும்போது நேரும் பிழைகள் இன்னும் கொடியவை. துளையிடும்போது கிணற்றுக்குள் செலுத்தும் துளைச்சேற்றை நன்னீரில் கலந்து உப்புக்குள் இறங்கினால் கிணற்றின் சுவர் கரைந்து அகன்றுகொண்டே போகும். எனவே உப்பு செறிந்த சேறோ எண்ணெய் அடிப்படையிலான சேறோ வேண்டும். ஆழத்தில் உப்பு நகரும் தன்மை உடையது என்பதை மறந்தால், அது மெல்லப் பிதுங்கி எஃகுக் குழாயையே நெரித்துவிடும். லூசியானாவின் பெய்னூர் ஏரியில் 1980 நவம்பர் 20 அன்று நடந்தது தனிக் கதை. பத்தடி ஆழமே இருந்த ஏரியில் எண்ணெய்க்காக இறக்கிய துளைக்கருவி, அடியிலிருந்த குவிமாடத்தின் உப்புச் சுரங்கத்தைத் துளைத்துவிட்டது. ஏரிநீர் சுழன்று இறங்க, நன்னீர் உப்பைக் கரைத்து ஓட்டையைப் பெரிதாக்க, துளைமேடையும் பதினொரு தோணிகளும் உள்ளே போயின. கடலுக்கு வடியும் கால்வாய் திரும்பி ஏரிக்குள் பாய்ந்தது. சுரங்கத்தில் இருந்த 55 பேரும் உயிரோடு வெளியேறினார்கள் என்பது பெரும் நல்வாய்ப்பு.

உப்பு என்ற சொல் வரும் எண்ணெய் வயல்கள் எல்லாம் குவிமாட வயல்கள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரேசில் கடலில் 2006-இல் கண்டறியப்பட்ட டூப்பி வயலின் எண்ணெய், ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தடிமனான உப்புப் படுகைக்கு அடியில், சுண்ணாம்பு வகைப் பாறையில் இருக்கிறது. அங்கே உப்பு கூரை. நாகப்பட்டினம் பக்கத்து நரிமணம் எண்ணெய் வயலுக்கும் உப்புக்கும் தொடர்பே இல்லை. அங்குள்ளவை காவிரிப் படுகையில் நிலம் பிளந்து இறங்கியதால் அமைந்த பொறிகள். தருமபுரி, கிருஷ்ணகிரியிலோ படிவுப் படுகையே கிடையாது. இங்குள்ள பாறை துளையற்றது. போரில் வரும் தண்ணீரும் விரிசல்களில் தங்கியதே.

இருந்தும் புரளி ஓய்வதில்லை. பாலக்கோடு அருகே ஒரு விவசாயி, “சார், தொட்டித் தண்ணி மேல எண்ணெய் மிதக்குது, வந்து பாருங்க” என்று அழைத்தார். போனேன். சிமெண்டுத் தொட்டியின் ஓரத்தில், நிழல் விழுந்த பக்கம், வானவில் நிறத்தில் மெல்லிய ஆடை படர்ந்திருந்தது. தொட்டிச் சுவரில் துருப்பிடித்த செம்மஞ்சள் வழவழப்பு. தென்னை ஈர்க்கு ஒன்றை எடுத்து அந்த ஆடையைக் குத்தினேன். எண்ணெயாக இருந்தால் சுழித்து விலகி உடனே மறுபடி கூடிக்கொள்ளும். இது அப்பளம்போல் கோணல்மாணலாக நொறுங்கியது. துண்டுகள் விலகியே நின்றன. இரும்புச் சத்துள்ள தண்ணீரில் வளரும் பாக்டீரியாவின் ஆடை அது. அவர் இன்னொரு முறை தானே குத்திப் பார்த்தார். பிறகு மோட்டாரைப் போட்டார். புதுத் தண்ணீர் வந்து விழுந்ததும் அந்தத் துண்டுகள் வாய்க்கால் வழியே தக்காளிப் பாத்திக்குப் போய்ச் சேர்ந்தன.