கொத்துவதெல்லாம் தின்பதல்ல: பட்ஜி குஞ்சு வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு வாரத்துக்கு முன் ஞாயிறு காலை, எதிர்வீட்டுப் பையன் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியோடு வந்து நின்றான். உள்ளே பச்சை நிறத்தில் ஒரு பட்ஜி குஞ்சு. கூண்டில் வளர்க்கும் சின்னக் கிளிதான் பட்ஜி. நெற்றிக் கோடுகள் மூக்கு வரைக்கும் இறங்கியிருந்தன, கண் முழுக்கக் கறுப்பு, அலகு நுனியில் கருமை இன்னும் போகவில்லை. முட்டையிடக் கூண்டில் கட்டித் தொங்கவிடும் பானையை விட்டு வெளியே வந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது.

“அங்கிள், ரெண்டு நாளா தூங்கிட்டே இருக்கு. ஆனா நல்லா சாப்பிடுதுங்க” என்றான்.

பதினாறு வருடத்துக்கு முன் இதே வார்த்தையை நானும் சொன்னேன். அன்று எனக்கு ஒரு குஞ்சு போனது. அதனால்தான் இதை எழுதுகிறேன். கூண்டைச் சுத்தமாக வையுங்கள், தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள் என்பதை எல்லோரும் சொல்வார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

குஞ்சைச் சீக்கிரம் பிரிப்பது

பெட்டை ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டையிடும். ஒவ்வொரு முட்டையும் ஏறக்குறைய 18 நாள் அடையில் பொரியும். பொரிந்து 30 முதல் 35 நாளில் குஞ்சு பானையை விட்டு வெளியே வரும். இறகு முழுசாக இருக்கும், பறக்கும், குச்சியில் உட்காரும். பார்க்கப் பெரிய பறவை மாதிரிதான் தெரியும். ஆனால் அதற்குத் தானியத்தை உரித்துத் தின்னத் தெரியாது. அடுத்த ஒன்றிரண்டு வாரம் அதற்கு ஊட்டுவது பெரும்பாலும் அப்பன் பறவைதான். குஞ்சு அதன் பின்னாலேயே போய்த் தலையை ஆட்டிக் கத்தும், அது கக்கி ஊட்டும். இந்த ஒன்றிரண்டு வாரத்தில்தான் நம் ஊரில் பாதிக் குஞ்சுகள் விற்கப்படுகின்றனவோ என்று எனக்குத் தோன்றும்.

என் முதல் ஈற்றில் நாலு குஞ்சுகள். மூத்தது வெளியே வந்த அன்றைக்கே அதைத் தனிக்கூண்டில் போட்டேன். பெட்டை அடுத்த முட்டைக்குத் தயாராகிக் குஞ்சைக் கொத்த ஆரம்பித்திருந்ததால் அப்படிச் செய்தேன். கிண்ணம் நிறையத் தினை வைத்தேன். நாள் முழுக்கக் கிண்ணத்தருகே இருந்து கொத்திக்கொண்டே இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். மூன்றாம் நாள் காலை கூண்டின் தரையில் கிடந்தது. கையில் எடுத்தால் பஞ்சு மாதிரி இருந்தது. நெஞ்செலும்பு கத்திமுனையாக விரலில் தட்டியது. நிறைந்த கிண்ணத்தின் பக்கத்திலேயே பட்டினியால் செத்திருக்கிறது.

கொத்துவது விளையாட்டு, பெரியவற்றைப் பார்த்துச் செய்யும் ஒத்திகை. தினையை அலகில் எடுக்கும், உருட்டும், கீழே போட்டுவிடும். தின்கிறதா என்று தெரிய வேண்டுமானால் கிண்ணத்தில் இருப்பதைக் கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டி லேசாக ஊதுங்கள். தின்னும் பறவை உரித்த உமி, நடுவில் பிளந்து படகு மாதிரி குழிந்து பறக்கும். தின்னாத குஞ்சின் கிண்ணத்தில் ஒன்றும் பறக்காது. எல்லாம் முழுத் தினையாக, பளபளவென்று அப்படியே கையில் நிற்கும்.

இன்னொரு சோதனை இதைவிட உறுதியானது. விளக்கணைக்கும் நேரத்தில் குஞ்சைக் கையில் எடுத்து, கழுத்தடியில் நெஞ்சுக்கு மேலே இருக்கும் தீனிப்பையை விரல் நுனியால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். அமுக்கக் கூடாது. சாப்பிட்ட குஞ்சுக்கு அங்கே தானியம் போட்ட சின்னப் பை போல மெத்தென்று இருக்கும். தட்டையாக இருந்தால் அந்த இரவு அதற்குப் பட்டினி. எச்சம் மிகக் குறைவாக, கரும்பச்சையாக இருப்பதும் அதே சேதிதான்.

பெட்டை கொத்துகிறது என்றால் என்ன செய்வது? பானையைக் கழற்றுங்கள். முட்டை இருப்பதால் கழற்ற முடியாது என்றால், குஞ்சுகளைச் சின்னக் கூண்டில் போட்டுப் பெரிய கூண்டோடு ஒட்டி வையுங்கள். பெரும்பாலான அப்பன்கள் கம்பி வழியாகவே ஊட்டிவிடும். ஊட்டவில்லை என்றால் அதையும் குஞ்சுகளோடு சேர்த்து வையுங்கள். உள்ளே ஆழமான கிண்ணம் வேண்டாம். அகலமான தட்டைத் தரையில் வைத்து, ஊறவைத்து முளைகட்டிய தினையைப் பரப்புங்கள். தினைக்கதிர் ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். முளைகட்டியதை நம் வெயிலில் மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள், புளித்துவிடும். தீனிப்பை தொடர்ந்து நாலைந்து இரவு நிறைந்திருந்தால் அப்புறம் பிரிக்கலாம்.

இதில் எனக்கு இன்னும் ஆத்திரம் வருவது, “குட்டியிலேயே வாங்கினால்தான் கையில் பழகும்” என்று சொல்லி மூன்று வாரக் குஞ்சையும் கஞ்சி ஊட்ட ஒரு சிரிஞ்சையும் சேர்த்துத் தலையில் கட்டுகிறார்களே, அதுதான். ஏழெட்டு வாரக் குஞ்சும் நன்றாகவே பழகும். தினம் பத்து நிமிடம் பொறுமையாகத் தினைக்கதிரைக் கையில் பிடித்து உட்கார்ந்தால் போதும். பழக்கமில்லாதவர் கையில் சிரிஞ்ச் ஆபத்து. கஞ்சி மூச்சுக்குழாயில் இறங்கினால் குஞ்சு அங்கேயே போய்விடும். கொஞ்சம் சூடு கூடினால் தீனிப்பை வெந்துவிடும்.

பையன் கொண்டுவந்த குஞ்சைத் தராசில் வைத்தேன். 24 கிராம். நன்றாக வளர்ந்த பட்ஜி 30 முதல் 40 கிராம் இருக்கும். உடம்பு சில்லென்று இருந்தது. இந்த இடத்தில் பலர் அவசரப்பட்டு வாயில் ஊற்றுகிறார்கள். குளிர்ந்துபோன குஞ்சுக்குச் செரிக்காது. முதலில் சூடு, பிறகுதான் தீனி. பெட்டியின் ஒரு பக்கத்துக்கு மட்டும் படும்படி வெளியிலிருந்து 40 வாட் குண்டு பல்பு போட்டு ஒரு மணி நேரம் விட்டேன். சூடு அதிகமானால் அது மறுபக்கம் நகர இடம் வேண்டும். அப்புறம் குஞ்சுக்கான ஹேண்ட் ஃபீடிங் பவுடரை 40 டிகிரியை ஒட்டிய வெந்நீரில் கரைத்து, ஓரங்களை மடக்கிய சின்ன ஸ்பூனால் அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டேன். முதல் சொட்டை உதறித் தள்ளியது. மூன்றாவதை விழுங்கியது.

பானையை எடுக்காமலே விடுவது

பானை தொங்கும்வரை பெட்டை முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ஓடும் அதன் உடம்பிலிருந்து போகும் சுண்ணாம்பு. இரண்டு ஈற்றுக்குப் பிறகு பானையைக் கழற்றி, ஆறு மாதமாவது ஓய்வு கொடுங்கள். கணவாய் ஓடு எப்போதும் கூண்டில் இருக்கட்டும். பெட்டை தரையில் உப்பிப்போய் உட்கார்ந்து வாலை மேலும் கீழும் அசைத்து முக்கினால் முட்டை அடைத்திருக்கிறது. சூடு கொடுத்தபடியே மருத்துவரிடம் ஓடுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் காலையில் பறவை இருக்காது.

புதுப் பறவையை நேரே கூட்டத்தில் விடுவது

30 நாள், வேறு அறையில்.

தண்ணீரில் கலக்கும் மஞ்சள் நிறத் தூள் மருந்து

உப்பியிருந்தாலும் அதே தூள், பேதியானாலும் அதே தூள், இறகு கொட்டினாலும் அதே தூள். அது பாக்டீரியாவுக்கான ஆன்டிபயாடிக். அலகிலும் மூக்கிலும் தேன்கூடு மாதிரி வெள்ளைப் பொருக்கு வருவது ஒருவகைச் சிற்றுண்ணியால். அதற்கு இந்தத் தூள் ஒன்றும் செய்யாது. நோயுற்ற பறவை தண்ணீரே அதிகம் குடிக்காதபோது எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்குத் தெரியும்? எடைபார்த்து அளவு சொல்லும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

நான்ஸ்டிக் கடாய்

அடுப்பில் காலியாகக் காய்ந்தால் வரும் புகை நமக்கு மணக்காது, பறவையைச் சில நிமிடத்தில் கொல்லும். சமையலறையில் கூண்டு கூடாது.

கொசுவத்தி

அதே அறையில் வேண்டவே வேண்டாம்.

அவகாடோ

விஷம்.

தகரக் கூரை

எங்கள் திருச்சியில் சித்திரை, வைகாசியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். தகரத்துக்கு அடியில் அதைவிடக் கூடும். வாயைப் பிளந்து, இறக்கையை உடம்பிலிருந்து அகற்றி வைத்திருந்தால் பறவை தவிக்கிறது என்று அர்த்தம். கூரைமேல் தென்னங்கீற்று, பக்கவாட்டில் ஈரச்சாக்கு, உள்ளே குளிக்க ஒரு தாம்பாளத் தண்ணீர். பட்ஜி ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்துப் பறவைதான், வெயில் தாங்கும் என்று வாதாடுவார்கள். அங்கே அது நிழல் தேடிப் பறக்கும். இங்கே அதற்குக் கதவு பூட்டியிருக்கிறது.

கண்ணால் பார்த்தே உடம்பைக் கணிப்பது

நோயைக் காட்டிக்கொண்டால் காட்டில் பருந்துக்கு இரையாகும் என்பதால் பறவை கடைசிவரை மறைக்கும். நமக்குத் தெரியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். நகை எடைபோடும் சின்னத் தராசு ஒன்று வாங்கி வாரம் ஒருமுறை எழுதி வையுங்கள். 35 கிராம் பறவை 3 கிராம் இழப்பது, 60 கிலோ ஆள் 5 கிலோ இழப்பதற்குச் சமம்.

பையனுடைய குஞ்சு இன்னும் என் வீட்டில்தான், தனி அறையில் இருக்கிறது. காலையிலும் மாலையிலும் வந்து அவனே எடை போட்டு நோட்டில் எழுதுகிறான். நேற்று 31 கிராம். தட்டிலிருந்து கொஞ்சம் கையில் கொட்டி ஊதச் சொன்னேன். ஏழெட்டு உமி பறந்தது.