கோவா போகும் வழியில் செய்யக்கூடாத தவறுகள்

போன வாரம் ஒரு நாள் இரவு பத்தரைக்குத் தங்கை மகன் போன் செய்தான். "மாமா, கோவா இறங்கியாச்சு. ரூமுக்கு இன்னும் நூறு கிலோமீட்டர்னு மேப் காட்டுது. மேப் தப்பா?"

மேப் தப்பில்லை. எந்த ஏர்போர்ட் என்று நான் கேட்கவே இல்லை. 2023-ல் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்தவன் நான்.

டிக்கெட்டைக் கடைசி நேரத்தில் எடுக்காதே, அடையாள அட்டையை மறக்காதே என்பதையெல்லாம் உங்கள் வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கோவாவை ஒரே ஊர் என்று நினைப்பது

கோவா ஒரு மாநிலம். அதன் வடகோடிக்கும் தென்கோடிக்கும் இடையே சுமார் நூறு கிலோமீட்டர். விமான நிலையங்கள் இரண்டு. வாஸ்கோ பக்கம் கடற்படைத் தளத்தில் இருக்கும் டபோலிம் பழையது. மகாராஷ்டிர எல்லையை ஒட்டி, பெர்னெம் தாலுகாவில் இருக்கும் மோபா புதியது. 2023 ஜனவரியில்தான் அங்கே விமானங்கள் வரத் தொடங்கின. அதற்கு முன்பு போய் வந்தவர்களிடம் யோசனை கேட்டால் டபோலிமை மனதில் வைத்துத்தான் சொல்வார்கள். டிக்கெட் தேடும்போதோ இரண்டும் 'கோவா' என்றே கலந்து வரும். டிக்கெட்டில் இருக்கும் மூன்றெழுத்துக் குறியீட்டைத்தான் பார்க்க வேண்டும்: டபோலிமுக்கு ஜிஓஐ, மோபாவுக்கு ஜிஓஎக்ஸ். வித்தியாசம் ஒரே ஓர் எழுத்து!

நான் எழுத்தைப் பார்க்கவில்லை, விலையைப் பார்த்தேன். 800 ரூபாய் குறைவு என்று மோபாவுக்கு எடுத்தேன். அறை போட்டதோ பலோலெமில், அதாவது தென்கோடியில். இரவு பதினோரு மணிக்கு டாக்ஸி கவுண்டரில் "பலோலெம்" என்றதும், உள்ளே இருந்தவர் என்னை ஒருமுறை பார்த்தார், பையின் மேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த அம்மாவை ஒருமுறை பார்த்தார். அப்புறம் ஒன்றும் பேசாமல் ரசீது எழுதினார். மிச்சம் பிடித்த பணத்தைப் போல ஐந்து மடங்கு. மாண்டோவி பாலம், சுவாரி பாலம், மட்காவ் எல்லாம் தாண்டி விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. கேட் பூட்டியிருந்தது.

இதோடு போயிருந்தால் மறந்திருப்பேன். திரும்பும் விமானமும் மோபாவிலிருந்துதான், அதுவும் காலை ஆறரைக்கு. கடைசி நாள் இரவு ஒன்றரைக்கே கிளம்ப வேண்டியிருந்தது. மூன்று நாள் பயணத்தில் இரண்டு இரவுத் தூக்கம் ரோட்டில் போனது. அந்த 800 ரூபாயை நினைத்தால் இன்றைக்கும் எரிகிறது.

எந்தக் கடற்கரை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அரம்போல், மோர்ஜிம் என்றால் மோபா. கோல்வா, பெனாலிம், பலோலெம் என்றால் டபோலிம். பாகா, கலங்குட் போகிறவர்களுக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை, எது மலிவோ அதை எடுக்கலாம். இரு வழி டிக்கெட் என்றால் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாகப் பாருங்கள். இறங்குவது ஒன்றிலும் ஏறுவது இன்னொன்றிலுமாக அமைந்துவிடுவது உண்டு. ஏர்போர்ட்டில் வாடகைக் கார் எடுத்திருந்தால் அதை எங்கே விடுவது என்ற தலைவலி வேறு.

தங்கை மகனிடம் திரும்பும் டிக்கெட்டை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் போனில் சத்தமே இல்லை.

எல்லாரும் மட்காவில் இறங்குவது

ரயிலிலும் இதே கதைதான். மட்காவ் பெரிய ஜங்ஷன் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு அதற்கே டிக்கெட் எடுக்கிறார்கள். கோல்வா, பெனாலிமுக்கு அது சரி. பாகா, கலங்குட், அஞ்சுனா போகிறவர்கள் திவிம் ஸ்டேஷனில் இறங்கினால் ரோட்டில் பாதித் தூரம் குறையும். பலோலெமுக்குக் கனகோனா ஸ்டேஷன் கூப்பிடு தூரம். எல்லா ரயிலும் அங்கே நிற்காது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வாஸ்கோ வரை போகும் ரயிலில் வருகிறவர்களும் கடைசி ஸ்டேஷன் வரை போக வேண்டியதில்லை. தெற்குக் கடற்கரைக்கு வழியிலேயே மட்காவ் வந்துவிடும்.

மழைக்காலத்தில் பழைய நேரத்தை நம்புவது

கொங்கண் ரயில் பாதை மலையை வெட்டியும் குடைந்தும் போட்டது. மழையில் மண்ணும் பாறையும் சரியும் என்பதால் வேகத்தைக் குறைத்து ஓட்டுவார்கள். ஜூனில் தொடங்கி அக்டோபர் வரை இதற்கென்றே தனிக் கால அட்டவணை உண்டு. டிசம்பரில் போன நினைப்பில் ஆகஸ்டுக்கு டாக்ஸி சொல்லி வைத்தால், வண்டிக்காரர் ஸ்டேஷனில் கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்பார்.

ஓலா, ஊபரை நம்பி இறங்குவது

வராது. கோவாமைல்ஸ் என்ற டாக்ஸி செயலியை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். நேரம் இருந்தால் கடம்பா என்ற அரசு பஸ்.

வெள்ளை நம்பர் பிளேட் ஸ்கூட்டரை வாடகைக்கு எடுப்பது

வேண்டாம். வாடகை வண்டிக்குக் கறுப்பு பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்கும்.